இன்டெக்ஸ் எக்ஸ்ப்ளோரர் கே2: கவிழ்வது அரிது, காற்றில் தள்ளிப்போவது எளிது

கயாக் என்ற ஒடுங்கிய துடுப்புப் படகை ஓட்டிப் பழக ஆசைப்படுகிறவர் இணையத்தில் தேடினால் முதலில் கண்ணில் படுபவற்றில் இன்டெக்ஸ் நிறுவனத்தின் எக்ஸ்ப்ளோரர் கே2 என்ற இந்த மஞ்சள் நிறக் காற்றடைத்த படகும் ஒன்று. விலை அடக்கம். மடித்தால் கார் டிக்கியில் அடங்கிவிடும். இருவர் உட்காரலாம். இரண்டு அலுமினியத் துடுப்புகள், கைப்பம்பு, காற்றடைக்கும் இரண்டு இருக்கைகள், பின்புறம் அடியில் மாட்டும் ஸ்கெக் என்ற பிளாஸ்டிக் தகடு, ஒட்டுப்போடும் துண்டு என எல்லாம் ஒரே பெட்டியில் வந்துவிடும். வராதது லைஃப் ஜாக்கெட். படகின் விலையோடு அதற்கான பணத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்ட பிறகுதான் வாங்குவதா வேண்டாமா என்று யோசிக்கவே வேண்டும்.

எங்கள் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். காற்றடங்கிய காலை நேரத்தில், எதிர்க்கரை தெளிவாகத் தெரியும் சிறிய ஏரியில், கரையை ஒட்டிப் போய்வர இது நல்ல படகு. விலைக்கு மேலாகவே உழைக்கும். கடலுக்கும், இழுப்புள்ள ஆற்றுக்கும், அகன்ற நீர்த்தேக்கத்தின் நடுப்பகுதிக்கும் இது ஆகாது. ஏன் என்பது படகின் அளவுகளிலேயே இருக்கிறது.

நீளம் 3.12 மீட்டர், அகலம் 91 செ.மீ., உயரம் 51 செ.மீ. கயாக்குக்கு 91 செ.மீ. என்பது மிகப் பெரிய அகலம். வேகத்துக்காகச் செய்யும் நீண்ட கடல் கயாக்குகள் 55 முதல் 60 செ.மீ. அகலம்தான் இருக்கும். அவற்றில் புதியவர் ஏறினால் இடுப்பு அசைந்ததுமே கவிழ்ந்துவிடுவோமோ என்று பதறுவார். எக்ஸ்ப்ளோரரில் அந்தப் பயம் இல்லை. பக்கவாட்டில் சாய்ந்தாலும் பருத்த காற்றுக்குழாய் தாங்கி நிறுத்துகிறது. குழந்தையோடு ஏறுகிறவர்களுக்கு இது பெரிய நிம்மதி.

ஆனால் அதே அகலமும் உயரமும்தான் இதன் பலவீனம். பாரம் குறைவு, தண்ணீருக்குள் அமிழ்வதும் குறைவு. அந்த அரை மீட்டர் உயரத்தில் பெரும்பகுதி காற்றடைத்த சுவராகத் தண்ணீருக்கு மேலே நிற்கிறது. காற்று வீசினால் பாயில் மோதுவதைப் போலத்தான் அதில் மோதும். நீளமும் போதாததால் நேர்கோட்டில் போகச் சிரமப்படும். கவிழாத படகு பாதுகாப்பான படகு என்று நினைத்துக்கொள்வதுதான் புதியவர்கள் செய்யும் முதல் தவறு. இந்தப் படகில் உண்மையான ஆபத்து, நீங்கள் உள்ளே பத்திரமாக உட்கார்ந்திருக்கும்போதே படகு உங்களைக் கரையிலிருந்து தூரமாகக் கொண்டுபோய்விடுவதுதான். கரையிலிருந்து வெளிநோக்கி வீசும் காற்றைப் பற்றியும் நீரோட்டத்தைப் பற்றியும் தயாரிப்பாளரே எச்சரிக்கிறார். பலர் அதைப் படிப்பதில்லை.

தமிழகக் கிழக்குக் கடற்கரையை எடுத்துக்கொள்வோம். விடியற்காலையில் தரை குளிர்ந்திருக்கும், காற்று நிலத்திலிருந்து கடலுக்கு வீசும். பாய்மரக் காலத்து மீனவர்கள் அந்தக் காற்றில் கடலேறி, மதியத்துக்கு மேல் திரும்பி வீசும் கடற்காற்றில் கரை சேர்ந்தார்கள். தென்மேற்குப் பருவக்காலத்தில் மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்றும் இதே போல வெளிநோக்கித்தான் தள்ளும். கரையில் நின்று பார்த்தால் தண்ணீர் கண்ணாடி மாதிரி தெரியும். கரையோர மரங்களும் வீடுகளும் காற்றை மறைத்திருப்பதுதான் காரணம். இருநூறு மீட்டர் உள்ளே போனதும் அந்த மறைப்பு தீர்ந்துவிடும். கரை அருகில் அலை இல்லாததால் போவது சுலபமாக இருக்கும், திரும்புவது முடியாமல் போகும். ஆகவே இந்தப் படகோடு கடலில் இறங்கவே வேண்டாம். அலை சிறியதா பெரியதா என்ற கேள்விக்கே இங்கு இடமில்லை.

ஏரியிலும் இதே விதிதான், அளவு மட்டும் குறையும். மரத்தில் இலை சலசலக்கும் அளவுக்குக் காற்று இருந்தால் போகலாம். இலையும் சிறு குச்சிகளும் ஓயாமல் ஆடி, மெல்லிய கொடி விரிந்து பறந்தால் அது மணிக்கு 12 முதல் 19 கி.மீ. வேகம். புதியவருக்கு இந்தப் படகில் அதுவே மேல் எல்லை. நீர்ப்பரப்பில் அங்கங்கே வெள்ளை நுரைத் தலைகள் தெரிந்துவிட்டால் இறங்கக் கூடாது, இறங்கியிருந்தால் திரும்பிவிட வேண்டும். புறப்படும்போது எப்போதும் காற்றுக்கு எதிர்த்திசையில் போங்கள். களைத்தபின் திரும்பி வரும்போது காற்று உதவியாகத் தள்ளும். மாறாகக் காற்றோடு போனால் போகும்போது ஏதோ நமக்கே துடுப்பு கைவந்துவிட்டது என்று தோன்றும், திரும்பும்போதுதான் உண்மை நிலை தெரியும்.

தள்ளிக்கொண்டு போய்விட்டால் என்ன செய்வது? புறப்பட்ட இடத்துக்கே திரும்ப வேண்டும் என்ற பிடிவாதத்தை விட்டுவிடுங்கள். எந்தக் கரை எட்டுமோ அதற்குச் சாய்வாகப் போய்ச் சேருங்கள், பிறகு நடந்து வரலாம். உடலை முன்னால் குனித்துக் காற்றுக்குக் குறைவான பரப்பைக் காட்டி, சிறு வீச்சாக விடாமல் துடுப்பு போடுங்கள். எக்காரணத்தாலும் படகை விட்டுவிட்டு நீந்திக் கரை சேர முயலாதீர்கள். மிதக்கும் மஞ்சள் படகு தூரத்திலிருந்தே தெரியும், நீந்துகிறவரின் தலை தெரியாது.

எடைக்கு வருவோம். 180 கிலோ தாங்கும் என்று எழுதியிருக்கிறது. ஆட்கள், தண்ணீர்க் குடுவை, பை, நாய்க்குட்டி வரை எல்லாம் சேர்த்த கணக்கு அது. எல்லை வரை ஏற்றினால் தரை தொய்யும், படகு தேர் மாதிரி அசையும். 130 கிலோவுக்குள் வைத்துக்கொண்டால்தான் ஒழுங்காகப் போகும் என்பது எங்கள் கருத்து. இரண்டு வளர்ந்த ஆண்கள் ஏறினால் முன்னவர் முதுகில் பின்னவர் முழங்கால் இடிக்கும். ஒரு பெரியவரும் ஒரு சிறுவரும், அல்லது தனியாள் ஒருவர் என்றால் தாராளம். எடை கூடியவர் பின்னால் உட்கார வேண்டும். முன்பக்கம் கனத்தால் மூக்கு நீருக்குள் அழுந்தி, பின்பகுதி காற்றில் சுற்றத் தொடங்கும். தனியாக ஓட்டும்போது இருக்கையை நடுவை ஒட்டி நகர்த்திக்கொள்ளலாம். இருக்கைகள் வார்ப்பட்டையில் இணைவதால் இடம் மாற்றுவது எளிது.

பெட்டியில் வரும் துடுப்பு 86 அங்குலம், அதாவது ஏறக்குறைய 218 செ.மீ. ஒல்லியான கயாக்குக்கு இது போதும், 91 செ.மீ. அகலப் படகுக்குக் குட்டை. துடுப்பின் இலை தண்ணீரை முழுதாகப் பிடிப்பதற்குள் விரல் கணுக்கள் காற்றுக்குழாயில் உரசுகின்றன. எட்டிப் போட வேண்டியிருப்பதால் துடுப்பு செங்குத்தாக நின்று, தண்ணீர் தண்டு வழியே வழிந்து மடியில் சொட்டுகிறது. கூடுதல் செலவுக்கு இடமிருந்தால் லைஃப் ஜாக்கெட்டுக்கு அடுத்ததாக 230 முதல் 240 செ.மீ. நீளத் துடுப்பு வாங்குங்கள். பழையதைக் கட்டி வைத்துக்கொண்டால் உபரித் துடுப்பாக உதவும். அலுமினியத் தண்டு பிரித்துச் சேர்க்கக்கூடியது. இணைப்பில் மணல் புகுந்தால் சிக்கிக்கொண்டு கழற்ற வராது, சேர்க்கும் முன் துடைத்துவிடுங்கள்.

துடுப்பைப் பிடிக்கும் விதம்: தண்டைத் தலைமேல் வைத்து இரு முழங்கைகளும் செங்கோணத்தில் இருக்கும்படி பிடியுங்கள், அதுதான் கைகளுக்கிடையே இருக்க வேண்டிய இடைவெளி. இலையின் குழிந்த பக்கம் உங்களை நோக்கி இருக்கட்டும். பாதத்தின் அருகே இலையை நீரில் இறக்கி, இடுப்பு வரை இழுத்து, அங்கேயே வெளியே எடுங்கள். இடுப்பைத் தாண்டி இழுத்தால் படகு முன்னே போவதற்குப் பதில் திரும்பும். வலிமை கையிலிருந்து வரக் கூடாது, மார்பும் இடுப்பும் திரும்புவதிலிருந்து வர வேண்டும். கையால் மட்டும் இழுக்கிறவருக்குச் சிறிது நேரத்திலேயே தோள் வலிக்கும். திரும்ப வேண்டுமானால் இலையை முன்மூக்கருகே வைத்து அரைவட்டமாகப் பின்முனை வரை அகலமாக வீசுங்கள். நிறுத்த, இருபுறமும் மாறிமாறி இலையைப் பின்னாலிருந்து முன்னோக்கித் தள்ளுங்கள். இருவர் ஓட்டினால் தாளம் முன்னவருடையது, திசை பின்னவருடையது. இருவரும் திசையைத் திருத்தப் போனால் துடுப்புகள் இடித்துக்கொள்ளும்.

ஸ்கெக் தகட்டை மாட்ட மறந்துவிட்டு இறங்கினால் படகு தண்ணீரில் விட்ட கொட்டாங்குச்சி போலச் சுற்றும். காற்று ஏற்றும் முன்பே, படகு தளர்ந்திருக்கும்போதே அதை மாட்டிவிடுவது நல்லது. மடிப்பில் அழுந்தி வளைந்துபோயிருந்தால் வெந்நீரில் நனைத்து, நேராக்கி, குளிரும்வரை பிடித்திருங்கள். ஆழமில்லாத இடத்தில் அது தரையில் இடித்துப் படகின் அடியைக் கிழிக்கக்கூடும். முழங்கால் ஆழத்தில் ஏறி, முழங்கால் ஆழத்திலேயே இறங்குவதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

காற்று ஏற்றுவதில் அவசரம் கூடாது. பக்கங்களும் தரையும் தனித்தனிக் காற்றறைகள். ஒன்று பழுதானாலும் மற்றவை மிதக்க வைக்கும். எதை முதலில் நிரப்புவது என்ற வரிசை கையேட்டில் இருக்கிறது, அதன்படியே செய்யுங்கள். வரிசை மாறினால் படகு முறுக்கிக்கொண்டு வடிவம் கெடும். அடைப்பான் இரண்டு அடுக்குள்ளது. உள் மூடி காற்றை உள்ளே மட்டும் விடும், மேல் மூடி முழுவதையும் அடைக்கும். உள் மடிப்பில் ஒரு மணல் துகள் ஒட்டியிருந்தாலும் மெல்லக் கசியும். ஓட்டை என்று நினைத்துப் படகெல்லாம் தேடுகிறவர்கள் முதலில் இங்கே பார்க்க வேண்டும்.

அழுத்தம் போதுமா என்று விரலால் குத்திப் பார்ப்பது ஏமாற்றும். படகின் மேல் அச்சிட்ட அளவுகோல் இருக்கிறது. காற்று ஏற ஏற அது நீளும். கையேட்டோடு வரும் அளவுத் தாளோடு பொருந்தும்போது நிறுத்த வேண்டும். வெயிலில் ஏற்றிய காற்று குளிர்ந்த நீரில் இறங்கியதும் சுருங்கும், படகு தளரும். தண்ணீரில் சற்று நேரம் மிதக்க விட்டு, மறுபடி நாலு பம்பு அடித்தால் சரியாகிவிடும். அதற்கு நேர்மாறானதுதான் பலரைக் கெடுக்கிறது. ஓட்டி முடித்து, இறுக்கமாக நிரப்பிய படகைச் சித்திரை வெயிலில் கரையில் போட்டுவிட்டுச் சாப்பிடப் போகிறார்கள். காற்று விரிந்து படகின் ஒட்டிணைப்பு பிரிகிறது. கரையேற்றியதும் நிழலுக்கு இழுங்கள், நிழல் இல்லையென்றால் ஒவ்வோர் அறையிலும் கொஞ்சம் காற்றை இறக்கிவிடுங்கள். டயருக்கு அடிக்கும் கம்ப்ரசரை இதில் வைக்கவே கூடாது. படகுக்குத் தேவைப்படுவது குறைந்த அழுத்தம், கம்ப்ரசர் நொடியில் கிழித்துவிடும்.

இப்போது லைஃப் ஜாக்கெட். வாங்கும் முன் உள்ளே தைத்த சீட்டைப் படியுங்கள். ஐஎஸ்ஓ 12402 என்ற தர எண்ணும், 50, 100, 150 என்று நியூட்டன் அளவும் இருக்க வேண்டும். 50 நியூட்டன் என்பது ஏறக்குறைய ஐந்து கிலோ மிதப்பு. நீந்தத் தெரிந்தவருக்கு, கரை பக்கத்திலோ உதவி அருகிலோ இருக்கும் இடத்துக்கு உரியது. கை அசைவுக்குத் தடை இல்லாததால் கயாக் ஓட்டிகள் விரும்புவது இதையே. ஆனால் மயங்கியவரை முகம் மேலே வரும்படி இது திருப்பாது. நீச்சல் தெரியாதவர் 100 நியூட்டன் வகைதான் அணிய வேண்டும், கொஞ்சம் பருமனாக இருந்தாலும் பரவாயில்லை. அந்த வகையில் தலையைத் தாங்கும் கழுத்துப்பட்டை இருக்கும், அமைதியான நீரில் முகத்தை மேலே திருப்பும் வகையில் செய்யப்பட்டிருக்கும். இந்தியாவில் இந்தியன் ரெஜிஸ்டர் ஆஃப் ஷிப்பிங் என்ற கப்பல் தரச்சான்று நிறுவனத்தின் ஒப்புதல் பெற்றவை கிடைக்கின்றன. சீட்டே இல்லாமல் தொங்கும் மலிவு விலை ஆரஞ்சுச் சட்டைகளைத் தொடாதீர்கள்.

அளவு சரியா என்று பார்க்க, எல்லாப் பட்டைகளையும் இறுக்கிய பின் வேறொருவர் தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்க வேண்டும். சட்டை காதையோ மூக்கையோ எட்டினால் அது தளர்வு. தண்ணீரில் அது கழன்று தலைக்கு மேல் போய்விடும், உடல் கீழே போகும். குழந்தைகளுக்கு வயதைப் பார்த்து வாங்கக் கூடாது, எடையைப் பார்க்க வேண்டும். கால்களுக்கிடையே மாட்டும் பட்டை கட்டாயம் வேண்டும். வளருவான் என்று பெரிதாக வாங்குவது பள்ளிச் சீருடைக்குச் சரி, இதற்குச் சரியே இல்லை. இன்னொன்று, எக்ஸ்ப்ளோரரின் காற்று முதுகுசாய்வு உயரமானது. சட்டையின் பின்பக்க நுரை தடிமனாக இருந்தால் முதுகுசாய்வில் இடித்து மேலே ஏறிக்கொண்டே இருக்கும். பின்பக்கம் நுரை மேல்முதுகில் மட்டும் இருந்து, கீழே வலைத்துணியாக இருக்கும் கயாக் வகைச் சட்டை இதற்குப் பொருந்தும். எப்படிப்பட்ட சட்டையானாலும் அது உடலில் இருக்க வேண்டும். இருக்கைக்குப் பின்னால் மடித்து வைத்த சட்டையை, கவிழ்ந்தபின் தண்ணீருக்குள் அணிவது பயிற்சி பெற்றவருக்கே கடினம்.

சட்டையின் தோளில் ஒரு விசில் கட்டுங்கள், உள்ளே உருளும் மணி இல்லாத வகை நனைந்தாலும் ஒலிக்கும். மூன்று முறை விட்டுவிட்டு ஊதினால் ஆபத்து என்று அர்த்தம். கைபேசியை நீர்புகாப் பையில் போட்டுச் சட்டையோடு இணையுங்கள். படகில் கட்டினால் படகு போகும்போது அதுவும் போகும். இந்தியாவில் அவசர உதவிக்கு 112, கடலோரக் காவல் படைக்கு 1554, தமிழகக் கடலோரப் பாதுகாப்புக் குழுமத்துக்கு 1093. போகும் வழியையும் திரும்பும் நேரத்தையும் கரையில் ஒருவரிடம் சொல்லிவிட்டு, எத்தனை மணிக்குள் வராவிட்டால் ஆள் அனுப்ப வேண்டும் என்பதையும் சொல்லுங்கள். குடிநீர், தொப்பி, பழைய செருப்புக்குப் பதில் பின்வாருள்ள காலணி, ஸ்பாஞ்சு, சின்ன வாளி. இவ்வளவு போதும்.

முதல் நாள் ஓட்டவே வேண்டாம், கவிழ்த்துப் பழகுங்கள். இடுப்பளவுக்குச் சற்று மேலான சுத்தமான நீரில், ஆள் துணையோடு வேண்டுமென்றே படகைப் புரட்டுங்கள். காற்றுப் படகு இலேசு, நிமிர்த்துவது எளிது. ஒரு பக்கம் நின்று அடிப்பகுதிக்குக் குறுக்கே கையை நீட்டி எதிர்ப்பக்கத்தைப் பிடித்து உங்கள் பக்கம் இழுத்தால் புரண்டுவிடும். கை எட்டாமல் போகலாம் என்பதால் இரண்டு மீட்டர் நீளப் பட்டை ஒன்றை நடுவில் குறுக்காகக் கட்டி வைத்திருப்பது நல்லது. தளர்வாகத் தொங்க விடாதீர்கள், கால் சிக்கும். கடினமான வேலை மறுபடி ஏறுவதுதான். பருத்த குழாய் மார்பில் முட்டும். செங்குத்தாகத் தொங்கிக்கொண்டு கையால் ஏறப் பார்த்தால் கால் படகுக்கு அடியில் போய்விடும். முதலில் கால்களை உதைத்து உடலை நீர்மட்டத்துக்குக் கிடையாகக் கொண்டுவாருங்கள். பிறகு ஒரே உதையில் மார்பைக் குழாய்மேல் ஏற்றி, தொப்புள் படகின் நடுவுக்கு வரும்வரை ஊர்ந்து, கடைசியில் புரண்டு உட்காருங்கள். எதிர்ப்பக்கம் இன்னொருவர் தொங்கி எடை கொடுத்தால் படகு சாயாது. இதைக் கரையோரத்தில் செய்ய முடியாதவர் நடு ஏரியில் செய்ய முடியாது.

எங்கே ஓட்டுவது என்பதில்தான் நம் ஊர் நிலவரத்தைக் கணக்கில் எடுக்க வேண்டும். கண்மாய், ஏரிக்கரைகளில் சீமைக் கருவேல முள் இறைந்து கிடக்கும். காற்றடைத்த வினைல் படகுக்கு அதைவிடப் பெரிய எதிரி இல்லை. தார்ப்பாய் ஒன்றை விரித்து அதன்மேல் வைத்துக் காற்று ஏற்றுங்கள், இழுக்காமல் தூக்கிச் செல்லுங்கள். ஆகாயத்தாமரை அடர்ந்த பக்கம் போனால் ஸ்கெக் சிக்கி நகராது. மதகு திறந்திருக்கும் நாளில் அதன் பக்கம் போகாதீர்கள், மேலே அமைதியாகத் தெரிந்தாலும் அடியில் இழுப்பு இருக்கும். ஏரி நிரம்பிக் கலிங்கு வழிகிறதென்றால் அன்று படகே வேண்டாம்.

தடுப்பணைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். உயரம் குறைவு என்பதால் யாருக்கும் பயம் வருவதில்லை. மேலிருந்து விழும் நீர் அடிக்குப் போய், மேலெழுந்து, மறுபடி அணையை நோக்கியே சுழன்று திரும்புகிறது. அந்தச் சுழலில் அகப்பட்ட படகும் ஆளும் மரக்கட்டையும் வெளியேற முடியாமல் உருண்டுகொண்டே இருக்கும். நுரைத்த நீரில் காற்று கலந்திருப்பதால் லைஃப் ஜாக்கெட்டின் மிதப்பும் குறையும். மேலிருந்து வரும் ஓட்டிக்கு அணை ஒரு நேர்கோடாகத்தான் தெரியும், விழும் நீர் தெரியாது. ஆற்றில் அப்படி ஒரு கோடு தெரிந்தால் உடனே கரையேறுங்கள். கொள்ளிடத்திலும் அமராவதி நீர்த்தேக்கத்திலும் முதலைகள் இருப்பதையும் மறக்க வேண்டாம்.

உப்பங்கழிகளில் ஓதத்தின், அதாவது கடல்நீர் ஏறி இறங்குவதன், கணக்கு தெரிய வேண்டும். முட்டுக்காடு போன்ற இடத்தில் முகத்துவாரம் திறந்திருக்கும் நாட்களில், ஓதம் இறங்கும்போது நீர் முழுவதும் குறுகிய வாய் வழியாகக் கடலுக்கு ஓடும். அந்த இழுப்பை எதிர்த்து இந்தப் படகு ஏறாது. பிச்சாவரத்துச் சதுப்புநிலக் கால்வாய்களில் காற்றுத் தொல்லை குறைவு, ஆனால் வேர்களில் ஒட்டிய சிப்பிகள் கத்தி போல வெட்டும். அது காப்புக்காடு, வனத்துறை அனுமதியின்றிச் சொந்தப் படகை இறக்கக் கூடாது. அணைகளிலும் நீர்வளத்துறை ஏரிகளிலும் அதே போல முன்னரே கேட்டுக்கொள்ளுங்கள். மீனவர் வலை மிதவைகள் தெரிந்தால் சுற்றிப் போங்கள், அது அவர்கள் பிழைப்பு. கேரளத்தின் வேம்பநாட்டுக் காயல் போல விசைப்படகு ஓடும் நீரில் வலப்பக்கக் கரையை ஒட்டியே போங்கள், குறுக்கே கடக்கும்போது நேராகச் சீக்கிரம் கடந்துவிடுங்கள், அவர்கள் கிளப்பும் அலைக்கு மூக்கைக் காட்டுங்கள். கோடை இடிமழைக் காலத்தில் மின்னலுக்கும் இடிக்கும் இடையே 30 நொடிக்குக் குறைவாக இருந்தால் கரையேறி, கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் காத்திருங்கள்.

அமெரிக்காவில் இதை வாங்கும் தமிழர்களுக்குச் சட்டம் தெளிவாக இருக்கிறது. ஆளுக்கு ஒரு கடலோரக் காவல் படை ஒப்புதல் பெற்ற லைஃப் ஜாக்கெட் படகில் இருக்க வேண்டும். 13 வயதுக்குட்பட்ட குழந்தைகள் அதை அணிந்தே இருக்க வேண்டும், மாநிலச் சட்டம் வேறு வயது சொன்னால் அது பொருந்தும். ஒலி எழுப்பும் கருவியும், இருட்டில் வெள்ளை விளக்கும் வேண்டும். நியூயார்க்கில் நவம்பர் 1 முதல் மே 1 வரையும், மாசசூசெட்ஸில் செப்டம்பர் 15 முதல் மே 15 வரையும் கயாக்கில் பெரியவர்களும் ஜாக்கெட் அணிந்தே ஆக வேண்டும். காரணம் குளிர்ந்த நீர். வசந்தகாலத்தில் வெயில் அடித்தாலும் ஏரி பனிக்கால நீராகவே இருக்கும். அதில் விழுந்தவருக்கு முதல் 1 நிமிடம் மூச்சுத் திணறல், அடுத்த 10 நிமிடம் மட்டுமே கைகால் சொன்னபடி கேட்கும், 1 மணி நேரத்தில் உடல் சில்லிட்டு நினைவு போகலாம். உடையைக் காற்றின் சூட்டுக்கு ஏற்பப் போடாமல் நீரின் குளிருக்கு ஏற்பப் போடுங்கள்.

இதே நிறுவனத்தின் சேலஞ்சர் கே2 76 செ.மீ. அகலமும் 38 செ.மீ. உயரமும் 3.51 மீட்டர் நீளமும் உள்ளது. காற்றில் குறைவாகத் தள்ளப்படும், நேராகப் போகும், பெட்டித் துடுப்பின் நீளமும் இதற்கு அதிகம் குறையாது. கால் நீட்ட இடம் மட்டும் இறுக்கம். காற்று வீசும் திறந்த ஏரிகளுக்கு எங்கள் தேர்வு அதுதான். சின்னக் குழந்தையோடு குளத்தில் சுற்ற எக்ஸ்ப்ளோரர் மேல். கூடுதல் பணம் போடத் தயாரென்றால் தடித்த மூவடுக்குப் பொருளில் செய்த எக்ஸ்கர்ஷன் ப்ரோ நீண்ட நாள் உழைக்கும். முள் குத்தும் நம் கரைகளுக்கு அந்தத் தடிமன் பெரிய வித்தியாசம்.

பராமரிப்பு: உப்புநீரில் போனால் நல்ல தண்ணீரில் கழுவி, மடிப்புகளுக்குள் ஈரம் போக நிழலில் உலர்த்தி, தளர்வாகச் சுருட்டுங்கள். பரணில் எலி கடிக்கும், மூடியுள்ள பெட்டியில் வையுங்கள். கசிவு தெரிந்தால் சோப்பு நுரை தடவினால் குமிழி காட்டிக்கொடுக்கும். காற்றை முழுதும் இறக்கி, இடத்தைச் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து, ஒட்டுத் துண்டின் மூலைகளை வட்டமாக நறுக்கி ஒட்டி, ஓர் இரவு பாரம் வைத்துவிடுங்கள். படகின் ஒட்டிணைப்பே பிரிந்திருந்தால் ஒட்டுத் துண்டு நிற்காது.

பழைய படகு விலைக்கு வந்தால் முந்தின மாலையே முழுதாகக் காற்றடைத்து வைக்கச் சொல்லுங்கள். காலையில் எந்த அறை தளர்ந்திருக்கிறது என்று தனித்தனியாக அழுத்திப் பாருங்கள். இரவுக் குளிரில் எல்லா அறைகளும் ஒரே அளவு தளர்ந்திருந்தால் கவலையில்லை. ஒன்று மட்டும் சப்பையாக இருந்து, அடைப்பானைத் துடைத்து மூடியபின்னும் அதே கதை என்றால், எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.